சிரிப்பில் கேட்காமல் போன வரி

மகன்,

களுதாவளையில் வெற்றிலைத் தட்டு மாற்றி முடிந்ததும், மாப்பிள்ளையின் தகப்பன் நாலு வார்த்தை பேசட்டும் என்று என் கையில் மைக்கைத் தந்தார்கள் அல்லவா? அந்த நாலு வார்த்தையை நான் கிணற்றடியில் குளிக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்துப் பாடமாக்கி வைத்திருந்தேன். எழும்பினேன், வேட்டியை இறுக்கினேன், தொண்டையைச் செருமினேன். வாயைத் திறந்தால் வந்தது, "ஹலோ, மைக் டெஸ்டிங், வன் டூ த்ரீ." அதோடு நிறுத்தியிருந்தாலாவது மரியாதை மிஞ்சியிருக்கும். மைக்கின் தலையில் விரலால் இரண்டு தட்டுத் தட்டி, பின்னால் திரும்பி, "தம்பி, பேஸைக் கொஞ்சம் குறை" என்றும் சொன்னேன். வாழ்நாள் முழுக்க ஊர் ஊராக லவுட்ஸ்பீக்கர் கட்டித் திரிந்தவனின் வாய் வேறு எதைச் சொல்லும்? பந்தல் முழுக்கச் சிரித்தது. உன் மாமியார் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். பாடமாக்கின நாலு வார்த்தையும் கிணற்றடியிலேயே கிடந்துவிட்டன.

பிறகு நீ வந்து என் கையிலிருந்து மைக்கை வாங்கினாய். என்னைக் காப்பாற்றத்தான் வாங்கினாய் என்று எனக்குத் தெரியும். "எங்கட அப்பா மைக்கோட மாரடிக்கிறவர், நான் கொழும்பில ஏசி பெட்டியோட மாரடிக்கிறவன். எனக்கு வாற மனுசி முன்பள்ளியில கைதட்டிக் காகம் பறந்திச்சு, கிளி பறந்திச்சு எண்டு சொல்லிச் சம்பளம் எடுக்கிறா. அம்மாவும் அப்பிடித்தான், பாட்டுப் பாடிச் சம்பளம் எடுத்தவ. ஆக எங்கட குடும்பத்தில வேல செய்யிற ஆக்கள் நானும் அப்பாவும்தான்" என்றாய். எனக்குச் சிரித்ததைவிட உனக்கு இரண்டு மடங்கு சிரித்தார்கள். எல்லாரையும் விடப் பெரிதாகச் சிரித்தது நான். சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்க்கும்போதுதான் உனக்கு வாற தர்சிகாவின் முகம் தெரிந்தது. அந்தப் பிள்ளையும் சிரித்துக்கொண்டுதான் இருந்தது. வாய் மட்டும் சிரித்தது, கண் தட்டிலிருந்த பாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் பக்கத்தில் இருந்த உன் அம்மா உன்னையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. தர்சிகாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும், மகன். அதை நான் எங்கள் வீட்டில் ஒரு ஆயுள் முழுக்கப் பார்த்திருக்கிறேன். அந்தப் பகிடியும் எனக்குத் தெரியும். அது உன்னுடையது இல்லை. நீ பிறக்க முன்னமே நான் செய்து வைத்தது. ஊரில் தகப்பன்மார் மகனுக்குத் தோணி கொடுப்பார்கள், வட்டையில் ஒரு துண்டு வயல் கொடுப்பார்கள். நான் உனக்குக் கொடுத்தது இதுதான் போலிருக்கிறது. கலியாணத்துக்கு முன் அதைத் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். முகத்தைப் பார்த்துச் சொல்லலாம்தான். சொன்னால் பாதியில் ஒரு பகிடி வந்துவிடும், நீ சிரிப்பாய், நான் சிரிப்பேன், விசயம் போய்விடும். எழுத்தில் எனக்குப் பகிடி வராது. ஓ.எல். சோதனையில் கணக்கும் போய், இங்கிலீசும் போய், தப்பிப் பிழைத்தது தமிழ் ஒன்றுதான். அதை நம்பித்தான் பேனையை எடுத்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியாததில்லை. வீடும் வளவும் பெண்ணுக்கு, மாப்பிள்ளைதான் தன் உடுப்புப் பெட்டியோடு அவள் வீட்டுக்குப் போய் இருக்க வேண்டும். அடுத்த மாதம் நீ களுதாவளைக்குப் போவது போல, அந்தக் காலத்தில் நான் வாகரையிலிருந்து பெரியகல்லாற்றுக்கு வந்தேன். நீ ஒரு சூட்கேசோடு போவாய். நான் ஒரு அம்பிளிபயர், இரண்டு கோன் ஸ்பீக்கர், ஒரு பெட்டி கசெற்றோடு வந்து இறங்கினேன். வந்த வீடு படித்த வீடு. உன் பாட்டனார் பேப்பரை விரித்தால் கடைசிப் பக்கம் வரை வாசித்து முடிக்காமல் மடிக்க மாட்டார். உன் அம்மா சங்கீத ரீச்சர், பரீட்சையெல்லாம் பாஸ் பண்ணினவர். ஊர் எனக்கு வைத்த பெயர் "ரீச்சர்ட புருசன்". என் சொந்தப் பெயர் கலியாண அழைப்பிதழிலும் வாக்காளர் அட்டையிலும் மட்டும்தான் இருந்தது.

உன் அம்மாவின் முதல் நியமனம் எங்கள் வாகரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில். அங்கு நியமனம் கிடைத்தால் மற்றவர்கள் மாற்றம் கேட்டு அலைவார்கள். இவர் ஆர்மோனியப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். ஆர்மோனியத்துக்கும் அரை ரிக்கெற் எடு என்று கொண்டக்டர் சண்டை பிடிக்க, எடுத்துக் கொடுத்துவிட்டு, "அப்ப சீற்றும் குடுங்க" என்று பெட்டியைச் சீற்றில் வைத்துவிட்டுத் தான் நின்றுகொண்டு வந்தாராம். கோயில் திருவிழாவுக்கு நான் மைக் செற் கட்டியிருந்தேன். பிள்ளைகளை ஏற்றிப் பாட வைத்த நேரம் பார்த்து என் மைக் கொர்ர் என்று கத்திவிட்டு நின்றுபோயிற்று. நான் வயரைப் பிடித்துக்கொண்டு அங்குமிங்கும் ஓட, அவர் மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு வெறும் வாயால் பாடினார். கடைசி வரிசையில் கச்சான் கடலை விற்ற கிழவி வரை கேட்டது. "ஆருகா இந்தப் பெட்ட, என்ட பிழைப்பில மண்ணள்ளிப் போட வந்தவ?" என்று கேட்டேன். அதுதான் உன் அம்மாவைப் பற்றி நான் சொன்ன முதல் பகிடி. அவருக்கும் அது பிடித்திருந்தது. மெய்யாகவே சிரித்தார், கண்ணாலும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நம்பித்தான் நான் கெட்டுப் போனேன்.

பெரியகல்லாற்றுக்கு வந்த பிறகு எனக்கு அந்த வீட்டில் இருந்த ஒரே நாற்காலி பகிடிதான். அவர்கள் ராகம் என்று கதைப்பார்கள், எனக்குச் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் மட்டும்தான் தெரியும். பந்தியில் இருந்து, "என்ட மனுசி வாயைத் திறந்தா அரசாங்கம் காசு குடுக்குது, நான் வாயைத் திறந்தா மனுசி ஏசுறா" என்பேன். சிரிப்பார்கள். சிரித்த அந்த நேரம் மட்டும் நான் அந்த வீட்டு ஆள். வருத்தம் என்னவென்றால், வீட்டு ஆளாகின பிறகும் நான் அதை நிறுத்தவில்லை. நீயும் களுதாவளைக்குப் போய் இருந்ததும் உன்னுடைய வாய் இதையே தேடும். அந்த வீட்டில் படித்த ஆக்கள் கதைக்கும்போது நடுவில் ஒரு பகிடி போட்டு உள்ளே நுழையப் பார்ப்பாய். அதுக்கு மிகச் சுலபமாகக் கையில் அகப்படுவது பக்கத்தில் இருக்கிற மனுசிதான்.

உன் அம்மாவின் வகுப்பை நீ பிள்ளையாக இருந்து பார்த்திருக்கிறாய். ஆனால் பிள்ளைக்கு அது விளையாட்டு. தாளம் பழக்க அவர் ஒரு பாட்டுக் கட்டியிருந்தார். "பொழுது விடிஞ்சுது, பொழுது விடிஞ்சுது, உங்கட வீட்டில என்ன சத்தம்?" என்று அவர் கேட்பார். ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தமாக ஒரு வரி. காலையில் தன் வீட்டில் கேட்கிற சத்தத்தை அந்தப் பிள்ளை எட்டுத் தட்டுக்குள் பாடி முடிக்க வேண்டும். சுதன் என்ற பொடியனுக்கு "எங்கட வீட்டில தோணி தள்ளுற சத்தம்". அடுத்த வளவுக் கமலாக்காவின் மகள் நிரோசாவுக்கு "எங்கட வீட்டில தயிர்ச்சட்டி தட்டுற சத்தம்", அவள் தகப்பன் தயிர் விற்கிறவர், வெடித்த சட்டியா என்று விடியவே தட்டிப் பார்ப்பார். உனக்கு "எங்கட வீட்டில அப்பாட மைக்கு கொர்ர் எண்ட சத்தம்". ஒருவரின் வரியை மற்றவர் பாடக் கூடாது. ஒரு பிள்ளை காய்ச்சல் என்று வராவிட்டால், அந்த வரி வரும்போது எல்லாரும் வாய் மூடித் தொடையில் எட்டுத் தட்டுத் தட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போக வேண்டும். "காய்ச்சல்ல படுத்தாலும் அவன்ட இடம் அவனுக்கு இருக்கு" என்பார். அதற்கும் நான் பகிடி பண்ணினேன். வராத பிள்ளைக்கும் வகுப்பு நடத்துகிற ஒரே ரீச்சர் இவர்தான் என்று தேத்தண்ணிக் கடையில் சொன்னேன்.

கடல் ஊருக்குள் ஏறி வந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஊரில் இல்லை. திருவெம்பாவைக்குக் களுதாவளைப் பக்கம் ஒரு கோயிலில் மைக் கட்டப் போயிருந்தேன். ஆற்றுப் பக்கத்துக் கோயில், அங்கே தண்ணீர் வரவில்லை, ஆட்கள்தான் வந்தார்கள். "கல்லாறு போயிற்றுது" என்று ஒருவன் ஓடி ஓடிச் சொன்னான். மைக் செற்றைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு நான் ஓடியது ஆயுளில் அன்று ஒரு நாள்தான். வழியில் பார்த்ததை எழுத மாட்டேன், நீயும் கேளாதே. வளவு இருந்த இடத்தில் வளவு இல்லை. மிஞ்சின ஆட்களெல்லாம் ஆற்றங்கரைப் பள்ளிக்கூடத்தில் என்று யாரோ கை காட்டினார்கள். கேற்றுக்குக் கிட்டப் போகும்போதே குரல் கேட்டது. மைக் இல்லாமல் கடைசி வரிசை வரை போகிற அந்தக் குரல்.

விறாந்தையில் நின்று பாடிக்கொண்டிருந்தார். தலை முழுக்க மணல். நீ ஆறு வயசு, அவருடைய சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். "உங்கட வீட்டில என்ன சத்தம்?" என்று அவர் கேட்க, எங்கேயோ ஒரு வகுப்பறைக்குள்ளிருந்து ஒரு பிள்ளை தன் வரியைப் பாடியது. அந்தப் பக்கம் ஒரு மனுசி கத்திக்கொண்டு ஓடினாள். மீண்டும் கேட்டார், மேல் மாடியிலிருந்து சுதனின் வரி வந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீங்கள் இருவரும் உயிரோடு நிற்கிறீர்கள் என்பது மட்டும் விளங்கியது. அந்த நேரம் பாட்டு நின்றது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு தொடையில் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தார். அந்த இடைவெளிக்குள் நான் போட்டேன், கோயில் வீதி முழுக்கக் கேட்கிற என் வாயால்: "என்ன ரீச்சர், இஞ்சயும் வகுப்போ? பீஸ் ஆரு தாற?"

சிரித்தார்கள், மகன். காலையிலிருந்து அழுதுகொண்டிருந்த சனம், அடக்க ஏலாமல், இருமுவது போலச் சிரித்தது. நீயும் சிரித்தாய். நடுவில் ஒரு குரல், "சிரிக்காதீங்க! ஆக்களே, சிரிக்காதீங்க!" என்று கத்தியது. கமலாக்கா. விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பிள்ள பாடினாளா? நீங்க சிரிச்சதில எனக்குக் கேக்கல்ல. ரீச்சர், பாடினாளா? இன்னொருக்காக் கேளுங்க, என்ட ரீச்சர், இன்னொருக்கா."

அப்போதுதான் எனக்கு விளங்கியது, அது வகுப்பு இல்லை என்று.

அம்மா இன்னொரு முறை கேட்டார். "பொழுது விடிஞ்சுது, பொழுது விடிஞ்சுது, உங்கட வீட்டில என்ன சத்தம்?" இந்த முறை ஒருவரும் மூச்சுக்கூட விடவில்லை. எட்டுத் தட்டும் தட்டி முடிந்தது. ஒரு குரலும் வரவில்லை. அம்மா அடுத்த பிள்ளையின் வரிக்குப் போனார். கமலாக்கா தூணிலிருந்து கையை எடுத்து, ஒருவருக்கும் சொல்லாத மாதிரி, "காய்ச்சலாக்கும்" என்றார். ஒரு தாய் கேட்கக் கூடாத மௌனத்தை ஒரு முறை கேட்டதே போதும். என் வாயால் அவர் அதை இரண்டாம் முறை தானே கேட்டு வாங்கினார்.

பிறகொரு நாள் அம்மாவிடம், ஏன் பேர் சொல்லிக் கூப்பிடாமல் பாடினாய் என்று கேட்டேன். "பயந்த பிள்ளை பேரைக் கூப்பிட்டா வாய் திறக்காது. தன்ட வரி வந்தா தானா வாய் திறக்கும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நல்லது. சொல்லாததால் நான் தைரியம் பெற்று, ஆறு மாதத்துக்குள் அதையே கதையாக்கிவிட்டேன். கமலாக்காவின் பகுதியை வெட்டிவிட்டு, "சுனாமிக்கும் வகுப்பு வச்சவ என்ட மனுசி" என்று சந்தியில் சொல்லித் திரிந்தேன். நீ அந்தக் கதையை உன் கூட்டாளிகளுக்குச் சொல்லிச் சிரித்ததை நான் என் காதால் கேட்டேன். கேட்டு, திருத்தவும் இல்லை.

ஆர்மோனியத்தைக் கடல் கொண்டுபோயிற்று. முகாமில் தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே வெறும் வாயால் வகுப்பு நடந்தது. அகதிகளுக்குத் தந்த அரிசியை வறுத்துப் பொங்கி, மிச்ச நேரம் பாட்டு. இரண்டு வருசம் கழித்து வாகரைப் பக்கம் சண்டை வந்து, என் சொந்தக்காரர்களெல்லாம் பொட்டலத்தோடு இந்தப் பக்கம் வந்தார்கள். அந்தப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார். ஒரு சின்னவனிடம், உங்கட வீட்டில என்ன சத்தம் என்று கேட்க, "எங்கட வீட்டில இப்ப ஆக்களில்ல ரீச்சர், சத்தமும் இல்ல" என்றான். "அதையே பாடு மனே" என்றார். இப்படிப் புதுப் புது வரி சேர்ந்து பாட்டு நீண்டுகொண்டு போயிற்று. நான் புத்தி சொல்லப் போனேன். "சும்மா கிடக்கிற வரியை இந்தப் பிள்ளையளுக்குக் குடுக்கலாமே? பஸ்ஸில சீற் காலியாகினா அடுத்தவன் இருக்கிறான்தானே?" அம்மா உமி ஊதி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார், நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "அது காலியில்ல" என்றார்.

அது மெய்தான். பாட்டு நடக்கிற நாளெல்லாம் கமலாக்கா வந்து ஓரமாக இருப்பார். தன் பிள்ளையின் எட்டுத் தட்டு வரும்வரை இருப்பார், பிள்ளைகள் எல்லாரும் வாய் மூடித் தட்டுவதைக் கேட்பார், எழும்பிப் போவார். அந்த வயதுப் பெட்டைகள் வளர்ந்து சட்டை மாற்றி, சீலை கட்டி, கலியாணமும் செய்தார்கள். ஊரில் நிரோசாவின் முறை இன்னும் வந்துகொண்டிருந்த இடம் அந்தப் பாட்டு ஒன்றுதான். இது அந்த நாளில் எனக்கு விளங்கவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. விளங்கியது.

சண்டை முடிந்த வருசம் பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கட்டிடம் திறந்தார்கள். நீ அப்போது மேல்வகுப்புப் பொடியன்களோடு மதிலில் ஏறி இருந்தாய். மைக் நம்முடையதுதான். முன் வரிசையில் பெரிய பெரிய ஆக்கள், சீருடைக்காரரும் இருந்தார்கள். எல்லாரும் சிரித்த முகத்தோடு இருக்க வேண்டிய நாள் அது. சிரிக்க ஏலாத வீடுகள் பின்னால் இருந்தன. தோணி தள்ளுற சத்தத்தைப் பாடின சுதன் அதற்குள் பெரிய பொடியனாகி, தானாகச் சண்டைக்குப் போனான் என்று சிலரும் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று சிலரும் சொல்ல, வன்னிப் பக்கம் போனவன் வரவேயில்லை. வரவேற்புப் பாட்டு முடிந்ததும் அம்மா பிள்ளைகளை இந்தப் பாட்டைப் பாட வைத்தார். சுதனின் வரி வந்தது. ஐம்பது பிள்ளைகள் வாய் மூடித் தொடையில் தட்டினார்கள். முன் வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். யாருக்காக இந்த மௌனம் என்று கேட்டால் என்ன பதில்? கொஞ்சம் தள்ளி நிரோசாவின் வரி வந்தது. மறுபடியும் மௌனம். சீருடைக்காரர் ஒருவர் பள்ளிக்கூட அதிபரின் காதில் குனிந்து என்னவோ கேட்டார். அதிபர் என்னைப் பார்த்தார். நான் மைக்கை எடுத்தேன். "மன்னிக்கோணும், பிள்ளையள் வரியை மறந்திற்றாங்க. ரீச்சரும் மறதிக்காரிதான், காலையில எனக்குத் தேத்தண்ணி தர மறந்திற்றா!"

கைதட்டல், மகன். முன் வரிசை முழுக்கக் கை தட்டிச் சிரித்தது. மொழி விளங்காதவர்களும் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். பிள்ளைகளுக்குத் தாளம் தவறியது, சிலர் நிறுத்தினார்கள், சிலர் அடுத்த வரியைத் தொடங்கினார்கள். அம்மா கையைக் கூப்பி, பாட்டு முடிந்த மாதிரி முடித்துவிட்டார். பின்னால் கமலாக்கா எழும்பிப் போவது தெரிந்தது. எட்டுத் தட்டில் பாதிகூட அவருக்குக் கிடைக்கவில்லை. பயத்தில் செய்தேன் என்று சொன்னால் நீ மன்னித்துவிடுவாய், ஊரும் மன்னிக்கும், அந்தக் காலம் அப்படி. பாதிதான் பயம். மற்றப் பாதி, அவ்வளவு பெரிய கூட்டம் என் வாய்க்காகக் காத்துக்கொண்டு இருக்கிறது என்ற ருசி. அதிபர் பிறகு முதுகில் தட்டி, "நல்ல நேரத்தில சமாளிச்சாய்" என்றபோது எனக்குச் சந்தோசமாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அதற்குப் பிறகு எந்த விழாவுக்கும் அம்மா என் மைக்கைக் கேட்கவில்லை. "வேணாம், வாயால பாடுவாங்க" என்பார். சண்டையில்லை, முகம் கோணவில்லை. ஓய்வு பெற்றும் இன்றைக்கும் பின்னேரம் கூடத்தில் பாய் விரித்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார். நான் வாசலைத் தாண்டினால் பாட்டு நிற்காது, ஆனால் அந்தப் பாட்டு மட்டும் வேறு பாட்டுக்கு மாறிவிடும். நான் இப்போதும் பகிடி விடுகிறேன், அவர் இப்போதும் சிரிக்கிறார். களுதாவளையில் தர்சிகா சிரித்தாளே, அந்தச் சிரிப்பு. அவள் அதை ஒரு நாளில் பழகிவிட்டாள். அதுதான் எனக்குப் பயம்.

உனக்கு நான் பெரிய புத்தி சொல்ல ஏலாது. ஒன்றே ஒன்று. சபை சிரிக்கும்போது நீ சபையைப் பார்க்காதே, அவளைப் பார். அவள் கண் சிரிக்கவில்லை என்றால் அந்தப் பகிடி அதோடு செத்துப் போகட்டும். முன்பள்ளியில் அவள் கைதட்டுவது எதற்கு என்று உனக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாவிட்டால் கேள். கேட்டு, அவள் சொல்லி முடிக்கும் வரை வாயை மூடிக்கொண்டு இரு. கலியாணத்துக்கு முன் ஒரு தரம் களுதாவளைக்குப் போய், அன்று சொன்னது பிழை என்று அவளிடம் சொல். தனியாகச் சொல்லாதே. சபையில் சொன்னதைச் சபையில்தான் திருப்பி எடுக்க வேண்டும், அவள் தாய் தகப்பன் இருக்கும்போது சொல். வெட்கமாக இருக்கும். இருக்கட்டும். இன்றைக்குச் சொன்னால் அது சின்ன வெட்கம். என் வயது வரை வைத்திருந்தால் எவ்வளவு பெரிதாக வளரும் என்று இந்தக் கடிதத்தின் நீளத்தைப் பார்த்து அளந்துகொள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை எழுதாமல்தான் இவ்வளவு நேரமும் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

கட்டிடம் திறந்த அன்று மத்தியானம், வயரையெல்லாம் சுருட்டி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா சோறு போட்டார், சொதி ஊற்றினார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் பிசைந்துகொண்டிருந்தேன். நீ மீனை மட்டும் தின்றுவிட்டு ஓடிவிட்டாய். அகப்பையைச் சட்டிக்குள் போட்டுவிட்டு அவர் கேட்டார், "மைக் நிண்டு போயிற்று எண்டு நினைச்சுத்தானா அப்பிடிக் கதைச்சீங்க?"

எனக்காக ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார், மகன். வேறு என்னத்துக்கு அந்தக் கேள்வி?

"ஓம்" என்றேன். "சத்தம் வரல்ல, அதான் மைக் எண்டு நினைச்சன்."

"அப்ப சரி" என்றார். "இன்னும் கொஞ்சம் சோறு போடவா?"

மைக் நன்றாகத்தான் வேலை செய்தது. ராகம் தாளம் தெரியாத நான், அம்பிளிபயருக்குப் பக்கத்தில் இருந்து, பிள்ளைகளோடு சேர்ந்து என் தொடையிலும் தட்டிக்கொண்டுதான் இருந்தேன். மூன்றாவது தட்டுக்கும் நாலாவது தட்டுக்கும் நடுவில்தான் கையை எடுத்து மைக்கைப் பிடித்தேன். சோற்றுக்கு முன்னால் இருந்து, வாய் வரைக்கும் வந்து, அன்றும் பிறகு எந்த நாளும் நான் அவருக்குச் சொல்லாதது இதுதான்:

"இல்ல. அது நிரோசாட வரி. எனக்குத் தெரியும்."